ஊர் ஊராக ஆடியவர் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும்போது

2022இல் கொலராடோ அவலாஞ்ச் ஐஸ் ஹாக்கிக் குழு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது அந்தக் குழுவின் பயிற்சியாளராக இருந்தவர் ஜாரெட் பெட்னர். ஆட்டக்காரராக அவர், வட அமெரிக்காவின் முதல் தட்டு லீக்கான என்.ஹெச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மூன்றாம் தட்டான ஈ.சி.ஹெச்.எல்.லில், தென் கரோலினாவின் ஸ்டிங்ரேஸ் குழுவில், டிஃபென்ஸ்மேனாக ஆடியவர். 1997, 2001 இரண்டு ஆண்டுகளிலும் அந்த லீக்கின் கெல்லி கோப்பையை ஆட்டக்காரராக வென்றார். 2009இல் அதே குழுவின் தலைமைப் பயிற்சியாளராக மறுபடியும் வென்றார். 2016இல் லேக் ஈரி மான்ஸ்டர்ஸோடு இரண்டாம் தட்டான ஏ.ஹெச்.எல்.லின் கால்டர் கோப்பை கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளராக மூன்று தட்டிலும் கோப்பை வென்ற முதல் ஆள் அவர்தான்.

இந்தப் பாதையில் வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பீட்டர் லாவியோலெட் என்.ஹெச்.எல்.லில் ஆடியது 12 ஆட்டம். ப்ரூஸ் பூட்ரோ 141 ஆட்டம் ஆடினார், ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி சிறு நகர அரங்குகளில் போனது. ஸ்பென்சர் கார்பெரியும் ஈ.சி.ஹெச்.எல். ஆள்தான். ஐஸ் ஹாக்கியைத் தொழிலாக எடுத்து, நட்சத்திரமாகாமல், குழு குழுவாக மாறி, பிறகு பயிற்சியாளர் ஆகிறவர்களின் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். கனடாவில் விடியுமுன் பிள்ளையை ரிங்குக்கு அழைத்துப்போகும் தமிழ்ப் பெற்றோருக்கும் இது பயன்படும். மகனோ மகளோ முதல் வரிசை ஆட்டக்காரராக வராவிட்டாலும் இந்த ஆட்டத்தில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் அதற்கான படிப்பு ஆடும் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

260 ஆட்டக் கணக்கு

என்.ஹெச்.எல்.லில் 32 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏ.ஹெச்.எல்.லில் ஒரு குழு, அதற்கும் கீழே ஈ.சி.ஹெச்.எல். மேலே ஆட்டத்தன்று உடை போடுவது 18 ஆட்டக்காரர்கள், கோல் காக்கும் 2 கோலிகள். காயம் பட்டால் கீழிருந்து ஒருவர் ஏறுவார், குணமானால் இறங்குவார். அவர் ஏறினால் அவருக்குக் கீழே இருப்பவரும் ஒரு படி ஏறுவார். நாடோடி ஆட்டக்காரரின் வாழ்க்கை முழுக்க இந்தச் சங்கிலியில்தான் ஓடுகிறது.

வெளியே இருப்பவர்கள் அதிகம் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஏ.ஹெச்.எல்.லில் ஒரு ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். அவர்களில் 12 பேர் 260 அல்லது அதற்குக் குறைவான தொழில்முறை ஆட்டங்களே ஆடியிருக்க வேண்டும், இன்னொருவருக்கு 320 வரை சலுகை. கோலிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஆகவே ஒரு இரவுக்கு மூத்தவர்களுக்கு இருப்பது ஐந்தே இடம். ஈ.சி.ஹெச்.எல்.லில் இன்னும் இறுக்கம்: 260ஐத் தாண்டியவர்கள் நான்கு பேருக்கு மேல் ஆட முடியாது.

ஒரு சீசனுக்கு 72 ஆட்டம். முழுதாக ஆடினால் நான்காவது சீசன் முடிவதற்குள் ஒருவர் மூத்தவராகிவிடுகிறார். 20 வயதில் ஜூனியர் எனும் இளையோர் லீக்கை முடித்து வந்தவருக்கு அது 24 வயதிலேயே நடக்கும். கல்லூரி ஆட்டம் முடித்து 24இல் வந்தவருக்கு 28இல். அதற்குப் பிறகு அவர் போட்டி போடுவது முப்பது குழுக்களில் இருக்கும் எல்லா இடத்துக்குமல்ல, குழுவுக்கு நான்கைந்து இடத்துக்கு மட்டும். காலில் வேகம் அப்படியே இருக்கும், கோல் எண்ணிக்கையும் குறைந்திருக்காது, ஆனாலும் கோடையில் தொலைபேசி அடிக்காது. தன் ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்து நொந்துபோகிற நல்ல ஆட்டக்காரர்கள் ஏராளம். காரணம் பல சமயம் இந்தக் கணக்குதான். எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறோம், எந்த சீசன் தொடக்கத்தில் கோட்டைத் தாண்டுவோம் என்பதை ஒவ்வொரு ஆட்டக்காரரும் 23 வயதிலேயே கையில் வைத்திருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டியும் இடம் கிடைப்பவர்கள் யார்? அதிகம் கோல் போடுகிறவர்கள் சிலர், அவர்களைவிட அதிகமாக இளையவர்களை வழிநடத்துகிறவர்கள். தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும் பெனால்டி கில்லில் முதலில் இறங்குவார்கள். நடுவர் பக் என்ற வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ் ஆஃபை இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் எடுப்பார்கள். டிஃபென்ஸில் காயம் பட்டால் ஃபார்வர்ட் ஒருவர் பின்னால் போய் ஆடுவார். அந்த ஐந்து இடத்தில் ஒன்றைக் கொடுக்கும்போது மேலாளர் கேட்கும் கேள்வி, இவர் உடைமாற்றும் அறையில் 21 வயதுப் பையனுக்கு என்ன கற்றுக்கொடுப்பார் என்பதே. அதாவது அந்த இடமே பாதிக் கோச் வேலை.

ஒப்பந்தம், பெட்டி, பிளேடு

ஒப்பந்த வகைகளைத் தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். டூ-வே ஒப்பந்தத்தில் என்.ஹெச்.எல்.லில் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே இருக்கும் நாளுக்கு வேறு சம்பளம். ஏ.ஹெச்.எல். குழுவோடு மட்டும் போடும் ஒப்பந்தத்தில் மேலே ஏற முதலில் என்.ஹெச்.எல். ஒப்பந்தம் வேண்டும். பி.டி.ஓ. என்கிற முயற்சி ஒப்பந்தம் 25 ஆட்டம் வரை. ஈ.சி.ஹெச்.எல். ஆட்டக்காரர்கள் ஏ.ஹெச்.எல்.லுக்குப் போவது பெரும்பாலும் இதில்தான். ஈ.சி.ஹெச்.எல்.லில் சம்பளம் வாரக் கணக்கு, அதுவும் சீசன் நடக்கும்போது மட்டும். வீடு குழு தரும். ஏ.ஹெச்.எல்.லில் வாடகை உங்கள் பொறுப்பு. கோடையின் ஐந்து மாதத்துக்கு வருமானம் எங்கிருந்து என்பதை அக்டோபரிலேயே யோசித்தாக வேண்டும். பலர் கோடையில் பிள்ளைகளுக்கு ஹாக்கி முகாம் நடத்துகிறார்கள். அந்த முகாமைப் பணத்துக்காக மட்டும் பார்க்காதீர்கள். பத்து வயதுக் குழந்தைக்கு, காலைக் குறுக்கே போட்டுத் திரும்பும் கிராஸ் ஓவரைச் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்தவருக்கு, எதிரணிப் பகுதியிலேயே அழுத்திப் பக்கைப் பறிக்கும் ஃபோர்செக்கை 22 வயதுக்காரருக்குப் புரியவைக்கத் தெரியும்.

மேலே கூப்பிடும் அழைப்பு நேரம் பார்த்து வராது. மதியம் இரண்டு மணிக்கு வந்தால் இரவு ஏழு மணி ஆட்டத்துக்கு வேறு ஊரில் இருக்க வேண்டியிருக்கும். பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: கூர்தீட்டிய இரண்டாவது ஜோடி பிளேடு, உங்கள் ஹாலோ அளவு எழுதிய துண்டு, மூன்று ஸ்டிக், ஒரு சூட், பாஸ்போர்ட். ஹாலோ என்பது பிளேடின் அடியில் தீட்டும் குழிவு. அரை அங்குலம் பலருக்கும் பழக்கமான அளவு, எடை கூடியவர்கள் 5/8 எடுப்பார்கள். எண் சிறியதானால் குழி ஆழமாகும், பிடிப்பு கூடும். தெற்கு அமெரிக்க மாநிலங்களின் அரங்குகளில் ஈரப்பதத்தால் ஐஸ் மிருதுவாகிவிடும், அங்கே ஆழமான குழி உள்ளே புதைந்து காலை இழுக்கும். வடக்கே ஐஸ் கடினம், மேலோட்டமான குழி வழுக்கும். புதிய ஊரின் உபகரணப் பொறுப்பாளரிடம் அளவைச் சொல்லாமல் பிளேடைக் கொடுத்தால் முதல் பீரியடில் முழங்கால் சொல்லிவிடும்.

ஆனால் பையில் இருக்க வேண்டியவற்றில் மிக மதிப்புள்ளது ஒரு நோட்டுப் புத்தகம். பத்து வருஷத்தில் எட்டுப் பயிற்சியாளர்களிடம் ஆடுகிறவருக்குக் கிடைப்பது முதல் வரிசை நட்சத்திரத்துக்குக் கிடைக்காத படிப்பு. நட்சத்திரம் ஒரே முறையில் பத்து வருஷம் ஆடுவார். நாடோடிக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரே நாளில் புதுக் குழுவின் முழு அமைப்பையும் கற்க வேண்டும். அதை எழுதி வைக்காதவருக்கு 32 வயதில் எதுவும் மிஞ்சாது. ஞாபகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

எழுத வேண்டியது இவை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இரண்டு டிரில்களின் படம், அவை எத்தனை நிமிடம் ஓடின, எங்கே சொதப்பின. குழுவின் ஃபோர்செக்கில் முன்னாலிருந்து பின்னாக ஆட்கள் நிற்பது 1-2-2ஆ, 2-1-2ஆ, முன்னிலையில் இருக்கும்போது மாறுகிறதா. தன் பகுதியில் ஆளுக்கு ஆள் காவலா, இடத்துக்குக் காவலா. பெனால்டி கில்லில் நால்வர் நிற்பது டைமண்ட் வடிவிலா, பாக்ஸ் வடிவிலா. தோற்ற மறுநாள் காலை கோச் என்ன சொன்னார், அதைக் கேட்டு அறை எப்படி இருந்தது. உங்களை ஆட்டத்தில் சேர்க்காமல் உட்கார வைத்தபோது எப்படிச் சொன்னார், அல்லது சொல்லாமலே பலகையில் பெயரை எடுத்தாரா. கடைசி வகைக் குறிப்புகளே பிற்பாடு அதிகம் உதவும்.

நான்காவது வரிசையில் உட்காருகிறவர் 60 நிமிடத்தில் எட்டு, பத்து நிமிடம் ஆடுவார். மீதி நேரம் பெஞ்சில். அந்த நேரத்தில் பக்கைப் பார்க்காமல், பக் இல்லாத நான்கு பேரைப் பாருங்கள். எதிரணியின் மூன்றாவது ஃபார்வர்ட் எங்கே நிற்கிறார், அவர்களுடைய டிஃபென்ஸ் ஜோடி எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சொன்னது அடுத்த ஷிஃப்டில், அதாவது ஆள் மாறி ஐஸில் இறங்கும் அடுத்த சிறு நேரத்தில், நடந்தால் கண் பழகிவிட்டது என்று அர்த்தம்.

தலைக் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடத்தை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் தலைசுற்றலை மறைப்பது இந்தத் தட்டில் சகஜம், மிக ஆபத்தும் அதுதான். ஆட்டத்துக்குத் திரும்புவதற்கான ஆறு படி முறையில் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் உண்டு, அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்னால் போக வேண்டும். வாசிக்கவும், வெளிச்சத்தைப் பார்க்கவும், நாலு பேர் பேசும் அறையில் உட்காரவும் முடியாத மூளையோடு கோச் வேலை செய்ய முடியாது.

படிப்பும் அப்படித்தான். கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருஷக் கல்லூரிக் கட்டணம் சேர்ந்திருக்கும், ஆனால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகு கெடு ஓடத் தொடங்கும். விதியைக் கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள். முன்பு மேஜர் ஜூனியர் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை நீங்கியது பெரிய மாற்றம். பிரிட்டனின் எலைட் லீக்கில் சில குழுக்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பையும் சேர்த்துத் தருகின்றன. கடைசி இரண்டு வருஷத்தை அங்கே ஆடிக்கொண்டே படித்து முடிப்பது, என் கருத்தில், ஒரு மூத்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

முதல் கோச் வேலை எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் கடைசியாக ஆடிய குழுவிலிருந்தே வரும். பெட்னர் ஸ்டிங்ரேஸில் ஆட்டத்தை நிறுத்தி அங்கேயே துணைப் பயிற்சியாளரானார், 2007இல் தலைமைப் பொறுப்பு. கார்பெரியும் 2010இல் அதே குழுவில் ஆட்டத்தை முடித்து, துணையாகி, 2011இல் தலைமைக்கு வந்தார். பிறகு ஒன்டாரியோ லீக்கில் ஆடும் மிச்சிகனின் சாகினா ஸ்பிரிட் ஜூனியர் குழு, பிராவிடன்ஸில் துணை, ஹெர்ஷி பேர்ஸில் தலைமை, டொராண்டோவில் பவர் பிளேக்கு (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேர ஆட்டம்) பொறுப்பான துணை, 2023இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ். ஈ.சி.ஹெச்.எல்., ஏ.ஹெச்.எல்., என்.ஹெச்.எல். மூன்றிலும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்ற முதல் ஆள் அவர். என்.ஹெச்.எல்.லின் ஜாக் ஆடம்ஸ் விருது 2025இல் வந்தது. அவர் பாதையில் தலைமையிலிருந்து மறுபடி துணையாக இறங்கிய இடங்களைக் கவனியுங்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல், அடுத்து என்ன கற்க வேண்டும் என்று பார்த்து எடுத்த படிகள் அவை.

நண்பர்களாக இருந்தவர்களுக்கே பயிற்சியாளராவது இதில் உள்ள சிக்கல். மே மாதம் வரை பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரை அக்டோபரில் உட்கார வைக்க வேண்டி வரும். முதல் நாளே கோடு போடாவிட்டால் நவம்பரில் போட முடியாது. பேருந்தில் முன் இருக்கைக்கு மாறுங்கள். ஆட்டக்காரர்களின் குறுஞ்செய்திக் குழுவிலிருந்து விலகுங்கள். ஆட்டத்துக்குப் பிறகு அவர்களோடு குடிக்கப் போகாதீர்கள். தலைமைப் பயிற்சியாளரைப் பற்றி அவர்கள் குறைசொன்னால் கேட்டுக்கொள்ளலாம், சேர்ந்து குறைசொல்லக் கூடாது. துணைப் பயிற்சியாளரின் வேலை போவதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

சான்றிதழ்களை ஆடும்போதே முடித்துவிடலாம். யு.எஸ்.ஏ. ஹாக்கியின் படிநிலைப் பயிற்சிகள், ஹாக்கி கனடாவின் ஹை பெர்ஃபார்மன்ஸ் 1, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். எல்லை தாண்டி வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆட்டக்காரராகப் பெற்ற விசாவை வைத்துக்கொண்டு தானாகவே பயிற்சியாளராக வேலை செய்துவிட முடியும் என்று நினைக்கக் கூடாது. வேலை பேசும் அதே வாரத்தில் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

நேர்காணலுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் அமைப்பு முறைகளை வரைந்த இருபது பக்கப் புத்தகம், முதல் வாரப் பயிற்சித் திட்டம், அந்தக் குழுவின் சென்ற சீசன் ஆட்டங்களிலிருந்து வெட்டிய பத்துக் காட்சிகள் இருந்தால் போதும். எத்தனை வருஷம் ஆடினீர்கள் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

மூன்றாம் தட்டில் தலைமைப் பயிற்சியாளர்

ஈ.சி.ஹெச்.எல்.லில் தலைமைப் பயிற்சியாளர் பல இடங்களில் மேலாளரும் அவரே. ஒரு துணை இருப்பார். ஆள் எடுப்பது, சம்பள உச்சவரம்புக்குள் கணக்கைப் பொருத்துவது, அடுக்குமாடி வீட்டில் யாரோடு யார் என்று முடிவெடுப்பது, பேருந்து எத்தனை மணிக்கு, சாப்பாடு எங்கே எல்லாம் அவர் தலையில்.

கோடையில் தொலைபேசிதான் வேலை. ஐரோப்பியக் குழுக்கள் கூடுதல் பணம் தரும், ஆகவே நீங்கள் விரும்பும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஜூலையில் போய்விடுவார்கள். மார்ச்சில் கல்லூரி சீசன் முடியும்போது கடைசி ஆண்டு மாணவர்கள் வருவார்கள். அவர்களை இரண்டு, மூன்று வாரம் ஆடவைத்துப் பார்ப்பதே அடுத்த வருஷக் குழுவைக் கட்டும் சிறந்த வழி. ஒருவரைப் பற்றி அவருடைய பழைய கோச்சிடம் மட்டும் விசாரிக்காதீர்கள், உபகரணப் பொறுப்பாளரிடமும் கேளுங்கள். ஆட்டக்காரர் யாருக்கும் தெரியாது என்று நினைத்து நடந்துகொள்ளும் விதத்தை அவர்தான் பார்த்திருப்பார்.

சீசன் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை மதியம் முக்கியமான நேரம். வார இறுதியில் சில சமயம் மூன்று இரவில் மூன்று ஆட்டம். அன்று மதியம் மேல்தட்டிலிருந்து அழைத்து உங்கள் முதல் சென்டரையும் (நடு ஃபார்வர்ட்) கோலியையும் எடுத்துக்கொண்டால் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அதற்காகவே ஒரு பட்டியல் வேண்டும்: கீழ் லீக்குகளில் யார் கைக்கெட்டிய தூரத்தில், யாருக்கு ஸ்கேட் கால் இன்னும் இருக்கிறது, காரில் எத்தனை மணி நேரத்தில் வருவார். வாரா வாரம் புதுப்பிக்காத பட்டியலால் பயனில்லை. கோலிகளுக்குத் தனிப் பட்டியல்.

இப்படி ஆட்களை இழப்பதைத் தோல்வியாக எண்ணிப் புழுங்குகிற பயிற்சியாளர்கள் இந்தத் தட்டில் நிலைப்பதில்லை. உங்கள் மேல்குழு உங்களை மதிப்பிடுவது வெற்றி எண்ணிக்கையால் மட்டுமல்ல, எத்தனை பேரை மேலே அனுப்பினீர்கள், அவர்கள் அங்கே போனதும் தடுமாறாமல் ஆடினார்களா என்பதாலும். அதற்கு மேல்குழு ஆடும் அதே அமைப்பை நீங்களும் ஆட வேண்டும், அதே சொற்களைப் பயன்படுத்த வேண்டும்.

50 நிமிட ஐஸ்

ஐஸ் நேரம் விலை உயர்ந்தது, வார நடுவில் 50 நிமிடம் கிடைத்தால் நல்லது. புதிய பயிற்சியாளர்கள் அதில் பதினைந்து நிமிடத்தைப் பேச்சில் கரைக்கிறார்கள். டிரில்லை உடைமாற்றும் அறையிலேயே பலகையில் வரைந்துவிடுங்கள். ஐஸில் ஒரு விளக்கம் 30 வினாடிக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்த டிரில் அன்றைக்கு ஏற்றதல்ல.

ஓட்டமும் பாஸும் சேர்ந்த சூடேற்றல் ஆறு நிமிடம், அதில் கோலிக்கு முதலில் தொலைவிலிருந்து எளிய ஷாட்டுகள். பிறகு தன் பகுதியிலிருந்து பக்கை வெளியே கொண்டுவரும் பிரேக் அவுட் எட்டு நிமிடம். முதலில் எதிரிகள் இல்லாமல், அடுத்து இரண்டு பேர் அழுத்த. பக் போக வேண்டிய வழியைச் சொல்லும் அப், ஓவர், வீல், ரிவர்ஸ், ரிம் என்ற ஐந்து கூவல்களையும் கோலியே உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். பிரேக் அவுட் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். டிஃபென்ஸ்மேன் பக்கைத் தொடுமுன் தோள் திருப்பிப் பின்னால் பார்ப்பதில்லை, அல்லது பக்கவாட்டு ஃபார்வர்டான விங்கர் பக் வருமுன்பே பகுதியை விட்டுக் கிளம்பிவிடுகிறார். இரண்டாவது தவறைக் கத்தித் திருத்த முடியாது. விங்கர் சுவரில் கால் நிறுத்தி வாங்காத பாஸுக்கு டிரில்லை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள், நான்கு நாளில் மாறும்.

அடுத்து ஃபோர்செக் பத்து நிமிடம். 1-2-2இல் முதல் ஆள் பக் வைத்திருப்பவரை நோக்கி நேராகப் பாய்ந்தால் அமைப்பே குலைந்துபோகும். அவர் வளைந்து வந்து அரை ஐஸை அடைக்க வேண்டும், ஸ்டிக் நடுவழியில் இருக்க வேண்டும். அவரைத் தாண்டி பக் நடுவே போனால் பின்னால் இருக்கும் நான்கு பேரும் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. 2-1-2இல் கவனிக்க வேண்டியது மூன்றாவது ஃபார்வர்ட். கோலுக்கு ஆசைப்பட்டு அவரும் கோல் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எதிரணிக்கு மூவருக்கு இருவர் என்று ஓட வாய்ப்பு கிடைத்துவிடும்.

மிச்சத்தில் பெரும்பகுதியைச் சிறு பரப்பு ஆட்டத்துக்குக் கொடுங்கள். நீலக்கோட்டுக்குள் இரண்டு கோல் கூண்டு, மூவருக்கு மூவர், ஷிஃப்ட் 30 முதல் 35 வினாடி, ஓய்வு அதைப்போல் மூன்று பங்கு. நெருக்கத்தில் கை, கண், உடல் மூன்றும் ஆட்டத்து வேகத்தில் வேலை செய்யும். மூன்று ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை ஐஸே வேண்டாம். சைக்கிள், நீட்சிப் பயிற்சி, காணொளி, வீட்டுக்குப் போ.

காணொளிக் கூட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எட்டுக் காட்சி, ஒரே பொருள். தனி ஆளிடம் நான்கு காட்சி, முதலில் அவர் சரியாகச் செய்த ஒன்று. எல்லார் முன்னாலும் ஒரே ஆளின் தவறை மூன்று முறை ஓட்டிக் காட்டினால் அவர் அடுத்த ஆட்டத்தில் பக்கையே விரும்ப மாட்டார். ஒருவரை உட்கார வைக்கிறீர்கள் என்றால் காலையிலேயே நேரில் சொல்லுங்கள், காரணத்தையும் திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டவரின் வலி நாடோடியாக ஆடிய ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் அதையே செய்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

பெஞ்ச்

நல்ல பயிற்சித் திட்டம் போடுகிறவர்கூட முதல் சில ஆட்டங்களில் பெஞ்சில் திணறுவார். ஷிஃப்ட் 40 முதல் 45 வினாடி. அதற்குள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த வரிசையைச் சொல்ல வேண்டும், எதிரணி யாரை இறக்குகிறது என்றும் பார்க்க வேண்டும். டிஃபென்ஸ் ஆட்கள் ஏறியிறங்கும் பெஞ்சுக் கதவைத் துணையிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஃபார்வர்டுகளுக்கு அடுத்த வரிசையின் சென்டர் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் தங்களுக்குள் யார் யாருக்குப் பதில் என்று உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்தக் குரல் இல்லாத இடத்தில் ஆறாவது ஆள் ஐஸில் குதிப்பார். வெளியேறுபவர் பெஞ்சிலிருந்து ஐந்து அடிக்குள் வந்து, ஆட்டத்தில் தலையிடாமல் இருந்தால்தான் அடுத்தவர் இறங்கலாம். தவறினால் குழுவுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. 1979 மே 10, மாண்ட்ரியல் ஃபோரம், அரையிறுதியின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் 4-3 முன்னிலை, முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. ஆட்கள் அதிகம் என்று பாஸ்டனுக்குத் தண்டனை. மாண்ட்ரியலின் கை லாஃப்ளர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஈவான் லாம்பேர் முடித்தார். பாஸ்டன் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர் டான் செர்ரி. என்.ஹெச்.எல்.லில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி, வாழ்நாள் முழுக்கச் சிறு லீக்குகளில் அலைந்து, ராச்செஸ்டரில் பயிற்சியாளராகி, 1976இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கியவர். அவ்வளவு தேர்ந்தவருக்கும் நடந்தது. யாரை எதிர்த்து யார் என்று பெஞ்சில் வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும் இரவுகளில்தான் இது நடக்கிறது. ஒரு நட்சத்திரத்தையே துரத்தி வரிசைகளைக் குலைப்பதற்கு இதுவே விலை.

இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால் உங்கள் தற்காப்புப் பகுதி பெஞ்சிலிருந்து தூரமாகிவிடும். களைத்த ஐவர் உள்ளே மாட்டிக்கொண்டால் மாற முடியாது. ஆகவே அந்த இருபது நிமிடத்துக்கு ஷிஃப்டை ஐந்து வினாடி குறைக்கச் சொல்லுங்கள், பக் எதிரணிப் பகுதியில் ஆழமாகப் போகாமல் யாரும் திரும்பக் கூடாது. தன் பாதியிலிருந்து பக்கை எதிரணிக் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிடும் ஐசிங்கைச் செய்த குழு ஆள் மாற்ற முடியாது, டைம் அவுட்டும் கேட்க முடியாது. அந்த ஃபேஸ் ஆஃபுக்கு எதிரணி தன் சிறந்த வரிசையை இறக்கும். வெளியூரில் ஆடும்போது நீங்கள் முதலில் ஆளை இறக்க வேண்டும், கடைசி மாற்றம் வீட்டுக் குழுவுக்கு. அதனால் வெளியூரில் உங்கள் இரண்டாம் சென்டரும் தற்காப்பில் தாங்குபவராக இருக்க வேண்டும்.

பவர் பிளே முடிந்த வினாடியில் யார் இறங்குவது என்பதை அது தொடங்கும்போதே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் தவிக்கும் பத்து வினாடியில் எத்தனையோ கோல்கள் விழுகின்றன. கோலை மறுபரிசீலனை செய்யக் கேட்டுத் தோற்றால் என்.ஹெச்.எல்.லில் இரண்டு நிமிடத் தண்டனை, ஆகவே காணொளி பார்க்கும் உதவியாளர் உறுதியாகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள். ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கடைசி இரண்டரை நிமிடத்தில் கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கத் தயங்க வேண்டாம், இரண்டு கோல் என்றால் இன்னும் முன்பே. 2013-14இல் கொலராடோவின் பயிற்சியாளராக இருந்த பாட்ரிக் ருவா இதைத் துணிந்து சீக்கிரமே செய்து காட்டினார், இப்போது எல்லாரும் செய்கிறார்கள்.

வேலை போவதும் வருவதும்

ருவா 2016 ஆகஸ்டில் திடீரென விலகியதால்தான் பெட்னருக்கு அந்த இடம் கிடைத்தது, பயிற்சி முகாம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது. முதல் சீசனில் 82 ஆட்டத்தில் 48 புள்ளி, லீக்கின் கடைசி இடம். நிர்வாகம் பொறுத்தது. அடுத்த சீசன் 95 புள்ளி. எல்லா நிர்வாகமும் பொறுக்காது.

பூட்ரோவின் பாதையைப் பாருங்கள். ஜூனியரில் 1974-75இல் கோலும் பாஸ் உதவியும் சேர்த்து 165 புள்ளி குவித்தவர், டொராண்டோ எடுத்தது, ஆனால் நிலையான இடம் கிடைக்கவில்லை. 1987-88இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்காக 116 புள்ளியோடு ஏ.ஹெச்.எல்.லிலேயே முதலிடம். 1992இல் மஸ்கீகனில் பயிற்சியாளராகத் தொடங்கி, ஃபோர்ட் வெய்ன், மிசிசிப்பி, லோவெல், மான்செஸ்டர், ஹெர்ஷி. 1999இல் கெல்லி கோப்பை, 2006இல் கால்டர் கோப்பை. 2007 நவம்பரில் வாஷிங்டன் கூப்பிட்டபோது அந்தக் குழு 21 ஆட்டத்தில் ஆறே வெற்றி பெற்றிருந்தது. அந்த சீசனிலேயே டிவிஷனை வென்றார், ஜாக் ஆடம்ஸ் விருதும் வாங்கினார். பதினைந்து வருஷம் சிறு லீக்குகளில் பெஞ்சு நடத்திய பிறகு வந்த அழைப்பு அது. 2011 நவம்பர் 28இல் அதே வாஷிங்டன் அவரை நீக்கியது. நவம்பர் 30இல் அனாஹைம் எடுத்துக்கொண்டது.

கீழ்த்தட்டில் இரண்டு நாளில் வேலை வராது. வேலை போகும் மாதம் பெரும்பாலும் நவம்பரும் டிசம்பரும், அப்போது பிள்ளைகள் பள்ளியில் பாதி ஆண்டில் இருப்பார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியே இருக்கட்டும். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை வழக்கறிஞரைக் கொண்டு வாசியுங்கள். நீக்கினால் மீதிக் காலச் சம்பளம் வருமா, வேறு வேலை கிடைத்தால் அதிலிருந்து கழிப்பார்களா, மேல்தட்டிலிருந்து அழைப்பு வந்தால் சீசன் நடுவே போக அனுமதி உண்டா. மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை என்பதையும் கேளுங்கள். குழு தந்த வீட்டில் இருந்தால், எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.